‘பிறவியிலேயே வந்தது, பணம் வராது’ என்று மறுத்தால்?

வாசகர் கேள்வி:

பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மகளுக்கு நான்கு வயது, அங்கன்வாடிக்குப் போகிறாள். கைக்குழந்தையாக இருந்தபோதே இதயத்தில் ஓட்டை இருக்கிறது, தானாக மூடிக்கொள்ளலாம், பார்ப்போம் என்றார்கள். வருடா வருடம் எக்கோ எடுத்து வந்தோம். போன மாதம் எடுத்ததில் நுரையீரல் பக்கம் அழுத்தம் ஏறுகிறது, இனித் தள்ளிப்போடக் கூடாது, இரண்டு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று பெங்களூரு டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றே முக்கால் லட்சம் ஆகும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை, சம்பளம் 26,000 ரூபாய். முன்பு இஎஸ்ஐ இருந்தது. சம்பளம் கூடியதும் இந்த வருடம் நின்றுவிட்டது. கம்பெனியில் மூன்று லட்சத்துக்கு குரூப் இன்சூரன்ஸ் உண்டு. ஆஸ்பத்திரி கேஷ்லெஸ் (நாங்கள் கட்டாமல் இன்சூரன்ஸே நேராகக் கட்டுவது) கேட்டு அனுப்பியதற்கு, ‘கஞ்செனிடல், பாலிசியில் வராது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஹெச்.ஆரைக் கேட்டால், இன்சூரன்ஸுக்காக கிளெய்ம் பார்க்கிற டிபிஏ ஏஜென்சியைக் கேளுங்கள் என்கிறார்கள், டிபிஏவைக் கேட்டால் ஹெச்.ஆரைக் கேளுங்கள் என்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் தனியாக ஒரு ஃபேமிலி பாலிசியும் எடுத்தோம். பாப்பாவின் விஷயத்தை எழுத வேண்டாம் என்று ஏஜென்ட் சொன்னதால் அதில் எழுதவில்லை. அதில் கேட்கலாமா? மாமனார் நிலத்தை விற்றுவிடலாம் என்கிறார். நான் பத்தாவதுதான் படித்தேன். இவர்களிடம் எப்படிப் பேசுவதென்றே தெரியவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத தாய், தருமபுரி மாவட்டம்

வழக்கறிஞர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாமனாரிடம் சொல்லுங்கள், நிலத்துக்கு இப்போது விலை பேச வேண்டாம். பேத்தி மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவசரத்துக்கு விற்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் வாங்குகிறவர் என்ன விலை கேட்பார் என்பது அவருக்கே தெரியும். உங்கள் காரியம் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

உங்களுக்கு வந்த மறுப்பு ‘கஞ்செனிடல்’, அதாவது பிறவியிலேயே வந்தது, என்ற ஒரே ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. பிறவியிலேயே வந்த குறை என்பதற்காக மட்டும் எந்தக் கோரிக்கையும் தானாக விழுந்துவிடாது. காப்பீட்டு விதிகளில் பிறவிக் குறைகள் இரண்டு வகை. உடம்புக்கு வெளியே, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருப்பது ஒரு வகை, உதட்டுப் பிளவு மாதிரி. உள்ளே இருப்பது இன்னொரு வகை. காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ ஆணையம் இந்த இரண்டையும் தனித்தனியாக வரையறுத்திருக்கிறது. எந்த நிறுவனத்தின் பாலிசியை எடுத்துப் பார்த்தாலும் வரையறைப் பக்கத்தில் இந்தப் பிரிவு இருக்கும். 2019 செப்டம்பரில் ஆணையம், எதையெல்லாம் காப்பீட்டிலிருந்து விலக்கி வைக்கக் கூடாது என்று பட்டியல் போட்டது. உள்ளுறுப்புகளின் பிறவி நோய்களும் மரபணு நோய்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இதயம் நெஞ்சுக்குள்ளே இருக்கிறது. இதை நிரூபிக்க வக்கீல் தேவையில்லை.

பிறகு ஏன் மறுத்தார்கள்? பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆஸ்பத்திரி அனுப்பும் படிவத்தில் நோயின் பெயருக்கு நேரே ‘கஞ்செனிடல் ஹார்ட் டிசீஸ்’ என்று இருக்கும். டிபிஏவில் உட்கார்ந்திருப்பவர் பாலிசியின் விலக்குப் பட்டியலில் ‘கஞ்செனிடல்’ என்ற சொல்லைப் பார்க்கிறார். அதற்குப் பக்கத்தில் ‘எக்ஸ்டர்னல்’, அதாவது வெளியே இருப்பது, என்று இருப்பதைக் கவனித்தாரா, கவனித்தும் விட்டாரா, நமக்குத் தெரியாது. முதல் மறுப்பு பல சமயம் இப்படி மேசை மட்டத்தில் முடிவாகிற விஷயம். அதை எதிர்த்து எழுதாமல் திரும்பிப் போகிறவர்கள் நிறையப் பேர் என்பதால்தான் அந்தப் பழக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்காக உங்கள் பக்கம் முழுக்கப் பலமாக இருக்கிறது என்று இப்போதே சொல்லிவிட மாட்டேன். பாலிசியின் முழுப் பிரதியை நான் பார்க்கவில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள், உங்கள் கையில் காப்பீட்டு அடையாள அட்டையான இ-கார்டு மட்டும்தான் இருக்கும். இரண்டு விஷயங்கள் அதில் ஒளிந்திருக்கலாம். ஒன்று, முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம். சட்டப்படி இது 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. கம்பெனி எடுக்கும் குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பையே நீக்கியிருப்பார்கள், ஆனால் கண்ணால் பார்த்துவிட வேண்டும். மற்றொன்று, பிறவி நோய்க்கு இவ்வளவுதான் தருவோம் என்று ஒரு வரம்பு. இருந்தால் மூன்று லட்சம் முழுதாக வராது. இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, ஹெச்.ஆரிடம் பாலிசியின் விதிமுறைப் பிரதியை மின்னஞ்சலில் கேட்பது. கணவர் அதற்குக் கெஞ்ச வேண்டியதில்லை. காப்பீடு பெற்றவர் தன் காப்பீட்டின் விதிகளைக் கேட்கிறார், அவ்வளவுதான்.

டிபிஏவுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சல், ஹெச்.ஆருக்கு நகல். இப்படி எழுதுங்கள்:

“எங்கள் மகளின் இதய அறுவை சிகிச்சைக்கான கேஷ்லெஸ் கோரிக்கை இந்தத் தேதியில் மறுக்கப்பட்டது. பாலிசியின் எந்தப் பிரிவின்படி மறுக்கப்பட்டது என்பதை, அந்தப் பிரிவின் வாசகத்தோடு எழுத்தில் தெரிவிக்கவும். அவளுக்கு இருப்பது உள்ளுறுப்புப் பிறவி நோய். மருத்துவரின் கடிதமும் எக்கோ அறிக்கையும் இணைத்துள்ளோம். சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது என்பதால் ஏழு நாட்களுக்குள் மறுபரிசீலனை செய்து பதில் தரவும். இந்த மறுப்புக்கு உங்கள் நிறுவனத்தின் கிளெய்ம் ரிவியூ கமிட்டி ஒப்புதல் அளித்ததா என்பதையும் தெரிவிக்கவும்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். 2024 மே மாதம் ஐஆர்டிஏஐ வெளியிட்ட மாஸ்டர் சர்க்குலர் என்ற விதித் தொகுப்பின்படி, அப்படியொரு கமிட்டியின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் மறுக்கக் கூடாது. மறுத்தால் பாலிசியின் எந்த விதிப்படி என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ‘வராது’ என்ற ஒற்றை வரி அதற்குப் போதாது. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் நேரத்தில் மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும் என்பதும் அதே சர்க்குலரில் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு பில்லிங் கவுன்டர் முன்னால் மாலை வரை உட்கார வைத்தால், அந்த மூன்று மணி நேரத்தை ஞாபகப்படுத்துங்கள். அதற்குமேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலாக வசூலித்தால், அது காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு.

இந்த மின்னஞ்சலின் உயிர் இணைப்பில் இருக்கிறது, அதாவது டாக்டரின் கடிதத்தில். டாக்டர்கள் வேலைப் பளுவில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், அதில் தவறில்லை. ஆனால் உங்களுக்கு வேண்டியது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். நோயின் முழுப் பெயர், முதலில் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது, இத்தனை வருடம் ஏன் காத்திருந்தோம், இப்போது எக்கோவில் என்ன மாறியிருக்கிறது, இந்த ஆபரேஷன் ஏன் தேவை, தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்ற ஆறும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இருந்து நுரையீரலுக்கு அதிக ரத்தம் பாய்ந்துகொண்டே இருந்தால், ஒரு கட்டத்துக்கு மேல் அங்குள்ள ரத்தக் குழாய்கள் கெட்டியாகிவிடும், அதன் பிறகு ஓட்டையை மூடவும் முடியாத நிலை வரும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். உங்கள் மகளின் விஷயத்தில் அந்த ஆபத்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அவளைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும். அவர் உங்களிடம் வாயால் சொன்ன ‘இரண்டு மாதத்துக்குள்’ என்பதைக் காகிதத்தில் சொல்ல வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ‘சின்ன வயதிலிருந்தே இருந்தது என்று எழுதாதீர்கள் டாக்டர், இப்போதுதான் தெரிந்தது என்று போடுங்கள்’ என்று கேட்கச் சொல்லி யாராவது யோசனை கொடுப்பார்கள். கேட்காதீர்கள். பழைய எக்கோ அறிக்கைகள் ஏற்கெனவே அந்த ஆஸ்பத்திரி ஃபைலில் இருக்கின்றன. ஒரு பொய்யைச் சேர்த்தால் நியாயமான உங்கள் கோரிக்கை முழுவதும் மோசடி என்ற பெட்டிக்குள் போய்விடும். வருடா வருடம் தவறாமல் எக்கோ எடுத்ததே உங்களுக்குச் சாதகம், நீங்கள் அலட்சியமாக இருக்கவில்லை என்பதற்கு அதுதான் சான்று.

கணவருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தால் (நீங்கள் எழுதவில்லை, ஆனால் சிப்காட் குடும்பங்கள் பலவற்றில் பேச்சை அடைப்பது இதுதான்) அவரிடம் இதைச் சொல்லுங்கள். புகார் கம்பெனி மீது இல்லை, காப்பீட்டு நிறுவனத்தின் மீது. குரூப் பாலிசியில் பாலிசிதாரர் கம்பெனிதான். பிரீமியம் கட்டுகிற கம்பெனியின் ஹெச்.ஆர் ஒரு வார்த்தை எழுதினால் காப்பீட்டு நிறுவனத்தில் கிடைக்கிற மரியாதை, நாம் பத்துத் தடவை போன் செய்தாலும் கிடைக்காது. இடையில் ஒரு புரோக்கர் இருப்பார், அடுத்த வருடமும் இந்தக் கம்பெனியின் வியாபாரம் அவருக்கு வேண்டும். ஹெச்.ஆர் அவரை ஒரு முறை அழைத்தாலே பல கதவுகள் திறக்கும். ‘கார்ப்பரேட் பஃபர்’ இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். சில கம்பெனிகள் ஊழியர் குடும்பத்துக்குப் பெரிய நோய் வந்தால் கொடுப்பதற்கென்று பொதுவாக ஒரு தொகையை பாலிசியில் ஒதுக்கி வைத்திருக்கும். ஹெச்.ஆர் கையெழுத்துப் போட்டால்தான் அது வெளியே வரும். கேட்காதவருக்கு அது இருப்பதே தெரியாது. மூன்று லட்சத்துக்கும் எஸ்டிமேட்டுக்கும் நடுவில் உள்ள முக்கால் லட்சத்துக்கு இது வழியாகலாம்.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று. கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது என்றால் கிளெய்ம் மறுக்கப்பட்டது என்று பொருளில்லை. பணத்தை நாம் முதலில் கட்டி, பிறகு பில்களை அனுப்பித் திரும்பப் பெறும் வழி அப்படியே திறந்திருக்கிறது. அதனால் கேஷ்லெஸ் கிடைக்காமலேயே ஆபரேஷன் நடந்தாலும், அட்மிட் ஆவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள். பாலிசியில் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் ஆகி எத்தனை நாளுக்குள் பில் அனுப்ப வேண்டும் என்று இருக்கும், தேதி தவறினால் அதையே காரணமாக்குவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பிரித்துப் போட்ட இறுதி பில், ஒவ்வொரு ரசீதின் அசல், பரிசோதனை அறிக்கைகள், ஆஸ்பத்திரி நிரப்ப வேண்டிய கிளெய்ம் படிவத்தின் பகுதி என எல்லாவற்றையும் அங்கிருந்து கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறை வாடகையில் கவனம். குரூப் பாலிசிகள் பலவற்றில் ஒரு நாள் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் என்று இருக்கும். மூன்று லட்சத்துக்கு அது 3,000 ரூபாய். தனி அறை வேண்டும் என்று 6,000 ரூபாய் அறையை எடுத்துவிட்டால், வாடகையில் மட்டும் பாதி போகாது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். மருந்து, உள்ளே பொருத்தும் சாதனம், பரிசோதனை, ஐசியு ஆகியவற்றில் இப்படிக் குறைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. இருந்தாலும் மீதி விழுகிற வெட்டே பெரிது. எஸ்டிமேட் எந்த வார்டுக்குப் போட்டது என்று கேளுங்கள். பொது வார்டுக்கு மாற்றினால் மொத்தத் தொகையும் இறங்கும்.

இனி நேரக் கணக்கு. டாக்டர் கொடுத்திருப்பது இரண்டு மாதம். காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி, அதற்குமேல் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஒம்பட்ஸ்மன் என்று போனால் எல்லாம் சரியாக நடந்தாலும் அதைவிட அதிக மாதம் ஆகும். ஆகவே ஆபரேஷன் தேதியை இந்தச் சண்டையோடு முடிச்சுப் போடாதீர்கள். தேதியை டாக்டர் முடிவு செய்யட்டும், பணச் சண்டை தன் வழியில் நடக்கட்டும். ‘இன்சூரன்ஸ் ஓகே ஆனதும் பண்ணிக்கலாம்’ என்று காத்திருந்து குழந்தையின் நிலை மோசமான குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பங்களுக்குப் பின்னால் கிடைத்த பணத்தை எண்ணிப் பார்க்கவும் மனம் வரவில்லை.

அப்படியானால் ஏழு நாளில் நல்ல பதில் வராவிட்டால் எங்கே போவது? இதை இன்றே ஆரம்பிக்க வேண்டும், எட்டாவது நாள் அல்ல. பாப்பா அங்கன்வாடிக்குப் போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே ஒரு பெரிய கதவு. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தில், அங்கன்வாடிக் குழந்தைகளை வருடத்துக்கு இரண்டு முறை நடமாடும் மருத்துவக் குழு வந்து பரிசோதிக்கிறது. அந்தத் திட்டம் கவனிக்கும் நோய்களில் பிறவி இதய நோயும் ஒன்று. கண்டறியப்பட்ட குழந்தையை டிஇஐசி என்று சொல்லும் மாவட்ட மையத்துக்கு அனுப்பி, அங்கிருந்து அறுவை சிகிச்சை வரை இலவசமாகக் கொண்டுபோவதுதான் ஏற்பாடு. குழு வரும்வரை காத்திருக்காதீர்கள். அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ எக்கோ அறிக்கையைக் காட்டிப் பரிந்துரை வாங்கிக்கொண்டு, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போய் டிஇஐசியைக் கேளுங்கள். ‘தனியாரில் பார்த்துவிட்டு இங்கே ஏன் வந்தீர்கள்’ என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், நம் ஊரில் இன்னும் கலைஞர் காப்பீடு என்று சொல்கிறோமே, அதற்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கணவரின் சம்பளம் மட்டும் 3,12,000 வருகிறது. இஎஸ்ஐ வரம்போ மாதம் 21,000. உங்களைப் போன்றவர்கள் இரண்டுக்கும் நடுவில் விழுகிறார்கள். ஏழைக்கான திட்டமும் இல்லை, மூன்றே முக்கால் லட்சத்தை எடுத்து வைக்கும் வசதியும் இல்லை. இந்த இடைவெளியைப் பற்றி அரசியல்வாதிகள் யாரும் மேடையில் பேசிக் கேட்டதில்லை. வருமானச் சான்றில் தொகையைக் குறைத்து வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். திட்டம் பற்றிய சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

ஆனால் இஎஸ்ஐ பற்றி ஒரு கேள்வி. கணவரின் சம்பளம் எந்த மாதம் 21,000-ஐத் தாண்டியது? இஎஸ்ஐயில் வருடம் இரண்டு பங்களிப்புக் காலம், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. காலத்தின் நடுவில் சம்பளம் கூடினாலும் அந்தக் காலம் முடியும்வரை அவர் இஎஸ்ஐயில்தான் இருக்கிறார், பிடித்தமும் தொடர வேண்டும். கட்டிய பங்களிப்புக்கு உரிய பயன் காலம் அதற்குப் பிறகுதான் வரும். சில கம்பெனிகள் சம்பளம் கூடிய மாதமே பெயரை எடுத்துவிடுகின்றன. ஊதியச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் போய், இப்போது மருத்துவ உரிமை இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த வருடம்தான் நின்றது என்கிறீர்கள், அதனால் கேட்டுப் பார்ப்பது வீண் போகாது.

பெங்களூருக்குப் போவதே வசதி என்றால், ஒயிட்ஃபீல்டில் உள்ள சத்ய சாய் உயர் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் இதய அறுவை சிகிச்சைக்குக் கட்டணமே கிடையாது. 2001இலிருந்து நடக்கிறது. வரிசை இருக்கும் என்பதால் இப்போதே போய்ப் பதிந்து, டாக்டரின் அவசரக் கடிதத்தைக் காட்டுங்கள். கர்நாடக அரசின் ஜெயதேவா மருத்துவமனையிலும் குழந்தைகள் இதயப் பிரிவு உண்டு. இரண்டாவது கருத்து கேட்பதற்கும் இந்த இடங்கள் உதவும். அங்கேயும் ‘உடனே செய்ய வேண்டும்’ என்றால் உங்கள் கையில் இரண்டு கடிதங்கள் ஆகிவிடும்.

இப்போது நீங்கள் தயங்கிக் கேட்ட அந்தத் தனி பாலிசி. என் பதில் உங்களுக்குப் பிடிக்காது. அதில் கேட்காதீர்கள். கைக்குழந்தையிலிருந்தே தெரிந்த நோயை விண்ணப்பத்தில் மறைத்திருக்கிறீர்கள். ‘ஏஜென்ட் சொன்னார்’ என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் கையெழுத்து உங்கள் கணவருடையது. நீதிமன்றங்கள் கையெழுத்தைத்தான் பார்க்கின்றன. ஐந்து வருடம், அதாவது 60 மாதம், தொடர்ந்து பிரீமியம் கட்டிவிட்டால் மோசடியை நிரூபித்தாலொழிய பழையதைக் கிளறி மறுக்க முடியாது என்று விதி இருக்கிறது. உங்களுக்கு இரண்டு வருடம்தான் ஆகிறது. இப்போது கிளெய்ம் போட்டால் அவர்கள் பழைய எக்கோவைக் கேட்பார்கள், கோரிக்கையும் போகும், பாலிசியும் போகும். வீட்டில் மற்றவர்களுக்கான பாதுகாப்பும் சேர்ந்து போகும். சரியான வழி, நீங்களாகவே நிறுவனத்துக்கு எழுதித் தெரிவிப்பது. அவர்கள் கூடுதல் பிரீமியமோ காத்திருப்புக் காலமோ விதித்துத் தொடரலாம், ரத்தும் செய்யலாம். அந்த ஆபத்தைத் தெரிந்தே சொல்கிறேன். இந்தக் கடிதத்தை ஆபரேஷன் முடிந்து மூச்சு விட்ட பிறகு எழுதினால் போதும், ஆனால் அடுத்த ரினியூவலுக்கு முன் எழுதிவிடுங்கள். கமிஷனுக்காக ‘எழுதாதீங்க, நான் பார்த்துக்கிறேன்’ என்று சொல்லும் ஏஜென்ட்கள் கிளெய்ம் வரும்போது போன் எடுப்பதில்லை. உங்களவர் எடுத்தாரா?

குரூப் பாலிசியில் மறுபரிசீலனைக்குப் பிறகும் முடியாது என்றால், காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். அதோடு ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா என்ற இணையப் புகார்த் தளத்திலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். அங்கே பதிந்தால் புகாருக்கு ஒரு எண் கிடைக்கும். நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே சொல்லாவிட்டாலோ, சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டு ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. என் தொழிலுக்கு நஷ்டம்தான், ஆனால் அதுதான் அங்கே விதி. குரூப் பாலிசியில் உள்ள தனிநபரும் போகலாம், 50 லட்சம் வரையிலான கோரிக்கையை அவர் விசாரிக்கலாம். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. திருப்தி இல்லாவிட்டால் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வரலாம். ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்துக்கு ஒம்பட்ஸ்மனிடம் போக முடியாது. அதனால் வரிசை முக்கியம்.

நுகர்வோர் ஆணையம் என்று வந்தால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகம் மும்பையில் இருந்தாலும் அவர்கள்தான் தருமபுரிக்கு வர வேண்டும். இரண்டு வருட அவகாசம் உண்டு. வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

பத்தாவதுதான் படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பாப்பாவுக்கு எந்த மாதம் மூச்சு வாங்கியது, எந்த எக்கோவில் என்ன சொன்னார்கள், பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்ததா, அங்கன்வாடியில் மற்ற பிள்ளைகளோடு ஓடி விளையாட முடிகிறதா, இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். டிபிஏவில் பேசுகிறவருக்குத் தெரியாது, ஹெச்.ஆருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு நோட்டு வாங்கி அதைத் தமிழிலேயே தேதி போட்டு எழுதுங்கள். யாரிடம் போனில் பேசினாலும் முதலில் பெயரைக் கேளுங்கள், நாளும் நேரமும் சேர்த்து அதே நோட்டில் குறியுங்கள். பேசி முடித்ததும் ‘இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்’ என்று கணவரின் மெயிலிலிருந்து இரண்டு வரி அனுப்பச் சொல்லுங்கள். என்னிடம் வருகிறவர்கள் பலர் ‘அவங்க அப்படிச் சொன்னாங்க மேடம்’ என்று வருகிறார்கள். சொன்னதற்குத் துண்டுச் சீட்டுகூட இருக்காது. போனில் சொன்னதை மட்டும் வைத்து வழக்கில் நிரூபிப்பது கஷ்டம். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினால் ‘தமிழில் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். குரலை உயர்த்த வேண்டியதும் இல்லை. ‘எந்தப் பிரிவு?’ என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் போதும்.

கைக்குப் பணம் வேண்டியிருந்தால் வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ நகைக் கடன் வாங்குங்கள். வார வட்டிக்காரரிடம் போகாதீர்கள். மாமனார் தக்காளி போட்டிருக்கிறார் என்றால் மண்டியில் முன்பணம் வாங்கிவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், அதற்குப் பிறகு விலையை அவர் பேச முடியாது.

இந்த வாரத்துக்கு வேலை இவ்வளவு. நாளை காலை அங்கன்வாடியில் பரிந்துரை, அன்றே தருமபுரி டிஇஐசி. கணவர் ஹெச்.ஆருக்கு பாலிசிப் பிரதி கேட்டு மெயில். டாக்டரிடம் கடிதத்துக்கு நேரம் கேட்பது. கடிதம் வந்ததும் டிபிஏவுக்கு மேலே கொடுத்த மின்னஞ்சல். பாலிசியின் விலக்குப் பக்கமும் வரையறைப் பக்கமும் கிடைத்ததும் அந்த இரண்டு பக்கங்களையும் மறுப்புக் கடிதத்தையும் படம் எடுத்து இதே முகவரிக்கு அனுப்புங்கள். காத்திருப்புக் காலம், வரம்பு இரண்டில் எதுவாவது அதில் இருந்தால் டிபிஏவுக்கு அனுப்பும் கடிதத்தில் ஒரு பத்தியை மாற்ற வேண்டியிருக்கும், அதை நான் எழுதித் தருகிறேன்.